ஜீன் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சு, அப்ப பாப்பாவுக்கு ரெண்டு கட்டைவிரல் எப்படி?

கேள்வி: மேடம், எங்க பாப்பா பொறந்து அஞ்சு மாசம் ஆகுது. வலது கையில கட்டைவிரல் ரெண்டா இருக்கு, ரெண்டுலயும் நகம் இருக்கு. மத்தபடி நல்லா இருக்கா, இதயத்துக்கு எக்கோ, வயித்து ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. பிரச்சனை என்னன்னா, 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணம் அன்னிக்கு நான் ஏழு மாசம், ராத்திரி பசி தாங்காம ஒரு ஆப்பிளை கத்தியால நறுக்கி சாப்ட்டுட்டேன். அதான் காரணம்னு மாமியார் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க. டாக்டர் இது ஜீன்தான்னு சொன்னாரு, ஆனா எக்ஸோம்னு ஒரு டெஸ்ட் எடுத்தோம், நெறைய காசு, அதுல எல்லாம் நார்மல்னு வந்துருச்சு. ஜீன் நார்மல்னா அப்ப கிரகணம்தானேன்னு வீட்ல மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. என் எல்எம்பி, அதாவது கடைசியா மாதவிலக்கு ஆரம்பிச்ச நாள், பிப்ரவரி 23. இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கான்னு தெரியல, மாமனாருக்கும் ஆறு விரல் இருந்துச்சாம், சின்ன வயசுலயே எடுத்துட்டாங்களாம், அவர் இப்ப இல்ல. வீட்டுக்காரருக்கு அஞ்சுதான், ஆனா கட்டைவிரல் கொஞ்சம் நீளமா ஒல்லியா இருக்கும். அடுத்த கொழந்தைக்கும் இப்படி வருமா?

பதில்: வணக்கம்மா. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நான் கை ஆபரேஷன் பண்ற டாக்டர் இல்ல, கரு எப்படி வளருதுங்கறத கோழி முட்டைய வச்சு இருபது வருஷத்துக்கு மேல பாத்துட்டு இருக்கிற ஆள். அதனால ஆபரேஷன் பத்தி கடைசியில கொஞ்சமா சொல்றேன், மீதி எல்லாம் அந்த ரெண்டாவது கட்டைவிரல் எங்க இருந்து வந்துச்சுங்கறது பத்தி.

கிரகண கணக்க முதல்ல முடிச்சுடுவோம். நீங்க எல்எம்பி தேதி குடுத்தது ரொம்ப நல்லதா போச்சு. பிப்ரவரி 23ல இருந்து எண்ணுனா ஏப்ரல் 6 வாக்குல ஆறு வாரம், அப்பதான் கருவுல கை இருக்க வேண்டிய எடத்துல ஒரு சின்ன மொட்டு மாதிரி பொடைக்க ஆரம்பிக்கும். மே 4 வாக்குல பத்து வாரம், அதுக்குள்ள அஞ்சு விரலும், உங்க பாப்பா விஷயத்துல ஆறும், தனித்தனியா பிரிஞ்சு முடிஞ்சிருக்கும். செப்டம்பர் 7 அன்னிக்கு சரியா 28 வாரம். அதாவது நீங்க ஆப்பிள நறுக்குன ராத்திரி அந்த ஆறாவது விரல் வந்து நாலு மாசம் ஆச்சு, உள்ள சமத்தா மடக்கி வச்சுட்டு இருந்திருக்கும். அதோட, நறுக்குனா விரல் கொறையணும்ல, இங்க கூடுச்சே, அதுக்கு கிரகணத்துல என்ன கணக்குன்னு எனக்கு எவ்வளவு யோசிச்சும் புரியல.

சரி, இப்ப உங்க உண்மையான கேள்விக்கு வரேன், அது நல்ல கேள்வி, என் மாணவர்களே தடுமாறுற எடம். ஜீன் நார்மல், ஆனா கை வேற மாதிரி. எப்படி?

நம்ம உடம்புல இருக்கிற எல்லா செல்லுலயும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான். கட்டைவிரல்ல இருக்கிற செல்லுக்கும் சுண்டுவிரல் செல்லுக்கும் கண்ணுல இருக்கிற செல்லுக்கும் அதே சுமார் 20,000 ஜீன். அப்ப கட்டைவிரல் ஏன் சுண்டுவிரல் மாதிரி இல்லன்னா, எந்த ஜீன் எந்த எடத்துல எப்ப ஆன் ஆகுது எப்ப ஆஃப் ஆகுதுங்கறதுதான் வித்தியாசம். அந்த ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்சும் டிஎன்ஏலதான் இருக்கு, ஆனா புரோட்டீன் செய்யிற பகுதிக்கு உள்ள இல்ல, வெளிய. நீங்க எடுத்த எக்ஸோம் டெஸ்ட் புரோட்டீன் செய்யிற பகுதிகள மட்டும்தான் படிக்கும், அது மொத்த டிஎன்ஏல 2 சதவீதம் கூட வராது. மோட்டார் நல்லா இருக்கான்னு கழட்டி பாத்துட்டு நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்துருக்காங்க, ஸ்விட்ச் போர்ட பாக்கவே இல்ல. ரிப்போர்ட் பொய் இல்ல, அது பாத்த எடத்துல நார்மல், அவ்ளோதான்.

கையில என்ன நடக்குதுன்னு சொல்றதுக்கு கோழிக்கருவ காட்டுறதுதான் சுலபம். அடைக்கு வச்ச முட்டைய மூணாம் நாள் எடுத்து, ஓட்டு மேல டேப் ஒட்டிட்டு சின்ன கத்திரிக்கோலால ஜன்னல் மாதிரி வெட்டுவோம். உள்ள மஞ்சக்கரு மேல கரு படுத்திருக்கும், சும்மா பாத்தா கண்ணாடி மாதிரி ஒண்ணும் தெரியாது, அடியில ஒரு சொட்டு இண்டியன் இங்க் ஏத்துனா கருப்பு பின்னணியில பளிச்சுன்னு தெரியும், இதயம் துடிக்கிறது கூட. பக்கவாட்டுல ரெண்டு பக்கமும் அரிசி நொய் அளவு கூட இல்லாத ஒரு மொட்டு, அதுதான் றெக்கை ஆகப் போகுது. அந்த மொட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம்னு உண்டு, உங்க கைக்கு சொன்னா முன்பக்கம்னா கட்டைவிரல் பக்கம், பின்பக்கம்னா சுண்டுவிரல் பக்கம்.

1968ல ஜான் சாண்டர்ஸும் மேரி கேஸலிங்கும் அமெரிக்காவுல ஒரு வேலை பண்ணாங்க. ஒரு மொட்டோட பின் ஓரத்துல இருந்து துளியூண்டு சதைய வெட்டி எடுத்து இன்னொரு கருவோட மொட்டுல முன் ஓரத்துல ஒட்ட வச்சாங்க, முட்டைய மூடிட்டாங்க, விட்டுட்டாங்க. கோழி றெக்கையில மூணு விரல்தான், ஆனா அந்தக் கருவுல ஆறு வந்துச்சு, அதுவும் கண்ணாடியில பாக்கிற மாதிரி, நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் அதே வரிசை திருப்பி. நான் முதல் தடவை இத செஞ்சப்ப ஒரு டஜன் முட்டையில மூணுதான் பொழைச்சுது, அதுல ஒண்ணு சரியா வந்துச்சு, குருத்தெலும்புக்கு நீல சாயம் போட்டு கண்ணாடித் தட்டுல வச்சு பாத்தப்ப ஆறு நீலக் கோடு, ரெண்டு பக்கமும் அச்சு அசல், அன்னிக்கு மத்தியானம் நான் சாப்பிடவே போகல.

அப்ப அந்த பின் ஓரத்து சதையில இருந்து ஏதோ ஒண்ணு கசியுது, அது கிட்ட இருந்தா சுண்டுவிரல், தள்ளி இருந்தா வேற விரல்னு செல்லுங்க முடிவு பண்ணுதுன்னு புரிஞ்சுது. அது என்னன்னு தெரிய 25 வருஷம் ஆச்சு. 1993ல ஹார்வர்டுல கிளிஃப் டேபின் குழு கண்டுபிடிச்சாங்க, அந்த புரோட்டீனுக்கு பேரு சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆமா, அந்த வீடியோ கேம் பேருதான், சிரிக்காதீங்க. ஹெட்ஜ்ஹாக்னா முள்ளெலி, நம்ம தெக்கத்தி தேரிக்காட்டு பக்கம் கூட இருக்கே அது. அந்தப் பேரு வந்தது பழ ஈயில இருந்து. ஜெர்மனியில ஹைடல்பெர்க்ல கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஈ புழுக்கள ஆயிரக்கணக்குல, ரெண்டு பேரு ஒரே நேரத்துல பாக்கிற மாதிரி மைக்ராஸ்கோப்ல உக்காந்து பாத்தாங்க, எந்த ஜீன் கெட்டா ஒடம்போட பட்டை பட்டையான அமைப்பு எப்படி மாறுதுன்னு. ஒரு புழுவுக்கு பாதிப் பட்டை முள்ளு பாதிப் பட்டை வழுவழுன்னு இருக்கணும், ஒரு ஜீன் கெட்டதுல ஒடம்பு பூரா முள்ளு, அதுக்கு முள்ளெலின்னு பேரு வச்சாங்க. 1980ல வந்துச்சு அந்தக் கட்டுரை, 1995ல நோபல் பரிசு, கூடவே எட்வர்ட் லூயிஸுக்கும். ஈயில கண்டுபிடிச்ச அதே ஜீனோட சொந்தக்காரன்தான் உங்க கையிலயும் என் கையிலயும் விரல் வரிசைய போட்டுச்சு.

ஈய பத்தி இன்னும் ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல, ஏன்னா ஸ்விட்ச் எப்படி யோசிக்குதுன்னு அங்கதான் ரொம்ப தெளிவா தெரியும். ஈ முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். அம்மா ஈ முட்டையோட தலைப்பக்கத்துல ஒரு செய்திய வச்சு அனுப்புது, அதுல இருந்து பைகாய்டுனு ஒரு புரோட்டீன் வரும், தலைப்பக்கம் நெறைய, பின்னால போகப் போக கம்மி. மூணு மணி நேரத்துக்குள்ள அந்த முட்டையில ஏழு கோடு வந்துரும், ஈவன் ஸ்கிப்டுனு ஒரு ஜீன் ஏழு எடத்துல வளையம் வளையமா ஆன் ஆகி இருக்கும். வழுவழுன்னு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் கொறையிற சங்கதியில இருந்து கோடு எப்படி வரும்? ரெண்டாவது கோட்ட எடுத்துக்கோங்க, அதுக்குன்னு தனியா ஒரு ஸ்விட்ச் இருக்கு. அந்த ஸ்விட்ச்ல நாலு புரோட்டீன் வந்து உக்காரும். பைகாய்டும் ஹன்ச்பேக்கும் வந்தா ஆன் பண்ணு, ஜயண்ட் வந்தா ஆஃப், க்ருப்பல் வந்தா ஆஃப். ஜயண்ட் முன்னாடி பக்கம் இருக்கு, க்ருப்பல் பின்னாடி பக்கம் இருக்கு, ரெண்டு பேரும் இல்லாத ஒரு சந்து நடுவுல, அந்த சந்துதான் ரெண்டாவது கோடு. 1990கள் ஆரம்பத்துல மைக் லெவின் ஆளுங்க இத பிரிச்சு மேஞ்சாங்க, 500 எழுத்து (டிஎன்ஏ சங்கிலியோட ஒவ்வொரு கண்ணியையும் எழுத்துன்னு சொல்வோம்) கூட இல்லாத டிஎன்ஏ துண்டு அது. கோடு போடறதுக்கு உள்ள யாரும் ஸ்கேல் வச்சுக்கிட்டு இல்ல, யாரு வரலாம் யாரு வரக்கூடாதுங்கற சண்டையில மிச்சமான எடம்தான் கோடு.

கை மொட்டுலயும் அதே கதை. சோனிக் ஹெட்ஜ்ஹாக் பின் ஓரத்துல மட்டும் ஆன் ஆகணும், முன் ஓரத்துல ஆகவே கூடாது. கட்டைவிரல் வர்ற எடத்துக்கு அந்த சிக்னல் எட்டாது, எட்டாததாலதான் அது கட்டைவிரல். இந்த ஆன் ஆஃப் பாத்துக்கிற ஸ்விட்ச்சுக்கு இசட்ஆர்எஸ்னு பேரு, அது எங்க இருக்குன்னு கேட்டா அசந்து போவீங்க. ஏழாவது குரோமோசோம்ல, ஜீன்ல இருந்து கிட்டத்தட்ட 10 லட்சம் எழுத்து தள்ளி. ஒரு பக்கத்துக்கு 2000 எழுத்துன்னு புத்தகம் போட்டா 500 பக்கம் தள்ளி. அதுவும் சும்மா காலி எடத்துல இல்ல, எல்எம்பிஆர் ஒண்ணுனு சம்பந்தமே இல்லாத இன்னொரு ஜீனுக்கு உள்ள, புரோட்டீனுக்கு தேவைப்படாத ஒரு இடைவெளிப் பகுதியில உக்காந்திருக்கு. உங்க வீட்டு மோட்டார் ஸ்விட்ச் நாலு தெரு தள்ளி வேற யாரோ வீட்டு நடையில இருக்கிற மாதிரி. டிஎன்ஏ நூல் மாதிரி மடங்கும், மடங்கும்போது ரெண்டும் பக்கத்துல வரும், அப்ப ஆன் ஆகும்.

இது தெரிய வந்ததே ஒரு விபத்துல. 1999ல பிரிட்டன்ல எலிக்கு வேற எதுக்கோ ஒரு டிஎன்ஏ துண்ட உள்ள விட்டாங்க, அது போய் தற்செயலா இந்த எடத்துல சொருகிடுச்சு, பொறந்த எலிக்கு கூடுதல் விரலு. அந்தக் காலகட்டத்துல சிலர் அந்த வீட்டுக்காரனதான் சந்தேகப்பட்டாங்க, எல்எம்பிஆர் ஜீன்தான் விரலுக்கு காரணம்னு. அப்பறம் எடின்பரோவுல லாரா லெட்டிஸ், பாப் ஹில் எல்லாரும் சேந்து 2003ல தெளிவா சொன்னாங்க, வீட்டுக்காரன் நிரபராதி, அவன் வீட்டுல இருக்கிற ஸ்விட்ச்தான், கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் இருக்கிற மனுஷக் குடும்பங்கள்லயும் அதே ஸ்விட்ச்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்குன்னு. அமெரிக்காவுல கீ வெஸ்ட்ல எழுத்தாளர் ஹெமிங்வே வீட்டுல ஆறு விரல் பூனைங்க இருக்குல்ல, அதுலயும் அதேதான். புசுபுசுன்னு முடி வச்ச சில்கி கோழிக்கு அஞ்சு கால்விரல் இருக்கும், அங்கயும் இந்த ஸ்விட்ச்தான்.

மாறுன ஸ்விட்ச் என்ன பண்ணும்னா, பின் ஓரத்துல வழக்கம்போல ஆன் ஆகும், கூடவே முன் ஓரத்துலயும் கொஞ்சம் ஆன் ஆயிடும். அதாவது சாண்டர்ஸ் கத்தி வச்சு செஞ்சத ஒரு எழுத்து செஞ்சிருக்கு, அளவுதான் கம்மி. 2024ல சான் டியாகோவுல எம்மா ஃபார்லி குழு ஒண்ணு சொன்னாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். இந்த ஸ்விட்ச்ல புரோட்டீன் வந்து ஒட்டுற எடங்கள் வேணும்னே பலவீனமா இருக்கு, ஒட்டியும் ஒட்டாம. அந்த ஒட்டுதல் லேசா கூடுற மாதிரி ஒரு எழுத்து மாறுனாலே கூடுதல் விரல் வந்துருது. ஸ்விட்ச் கெட்டுப் போகல, தேவைக்கு மேல நல்லா வேலை செய்யுது. உங்க பாப்பாவ குறைன்னு யாராவது சொன்னா எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஏன் ஒரு குண்டுக் கட்டைவிரலா வராம ரெண்டா பிரியுதுன்னு நீங்க கேக்கல, ஆனா கேட்டிருப்பீங்க. விரல் இந்த எடம், இடைவெளி இந்த எடம்னு செல்லுங்க தங்களுக்குள்ளயே பேசி ஒரே சீரான தூரத்துல பிரிச்சுக்குது, இப்படி நடக்கலாம்னு 1952லயே கணித மேதை ஆலன் ட்யூரிங் கணக்கு போட்டு வச்சாரு, 2014ல பார்சிலோனாவுல எலிக் கையில காட்டுனாங்க. கை மொட்டு முன்பக்கம் கொஞ்சம் அகலமாயிட்டா, அதே இடைவெளியில இன்னொண்ணுக்கு எடம் கிடைச்சிருது.

ஏன் கை மட்டும், மூளை இதயம் எல்லாம் நல்லா இருக்கேன்னா, இந்த ஸ்விட்ச் கை காலுக்கு மட்டும்தான். சோனிக் ஹெட்ஜ்ஹாக் மூளைக்கும் முகத்துக்கும் தண்டுவடத்துக்கும் வேணும், அந்த ஜீனே கெட்டா பெரிய பிரச்சனை வரலாம், ஆனா ஒவ்வொரு எடத்துக்கும் வேற வேற ஸ்விட்ச். எலியில இசட்ஆர்எஸ்ஸ மட்டும் மொத்தமா எடுத்துட்டா கை கால் முழுசா வராது, மீதி எலி நல்லாவே இருக்கும்.

மாமியார் கிட்ட சொல்றதுக்கு ஒண்ணு தரேன். பாம்பு வந்து நிலாவ முழுங்குச்சு, அதனாலதான் விரலுக்கு இப்படி ஆச்சுன்னுதான சொல்றாங்க? விரலுக்கும் பாம்புக்கும் நெசமாவே சம்பந்தம் இருக்கு. பாம்புக்கும் இதே இசட்ஆர்எஸ் ஸ்விட்ச் இருக்கு, ஆனா உடைஞ்சு கெடக்கு. 2016ல கலிஃபோர்னியாவுல பெர்க்லி ஆய்வகத்துல எலியோட ஸ்விட்ச்ச எடுத்துட்டு பாம்போடத வச்சாங்க, எலிக்கு கை கால் மொட்டையா போச்சு. மலைப்பாம்பு ஸ்விட்ச்ல காணாம போன 17 எழுத்த திருப்பி எழுதி வச்சதும் கை கால் வந்துருச்சு. உடைஞ்சா பாம்பு, கொஞ்சம் அதிகமா வேலை செஞ்சா உங்க பாப்பாவோட கை. ராகு கேது இதுல எங்கயும் வரல.

இப்ப உங்க கடுதாசியில நீங்க போற போக்குல எழுதுன விஷயம், எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு. உங்க வீட்டுக்காரரோட கட்டைவிரல் நீளம், ஒல்லி. அத ஒருதடவை நல்லா பாருங்க. கட்டைவிரல்ல மூட்டுக்கு மேல ரெண்டு எலும்புதான் இருக்கணும், மத்த விரல்ல மூணு. அவருக்கு கட்டைவிரல் மத்த விரல் மாதிரி ரெண்டு எடத்துல மடங்குதான்னு பாருங்க, இல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும், பெரிய செலவும் இல்ல. இசட்ஆர்எஸ் மாறுன குடும்பங்கள்ல இப்படி மூணு எலும்பு கட்டைவிரல் அடிக்கடி வரும், ஒரே எழுத்து மாற்றம் ஒருத்தருக்கு ஆறு விரலா, இன்னொருத்தருக்கு நீளக் கட்டைவிரலா, ஒரே ஆளுக்கு ஒரு கையில ஒண்ணு மறு கையில ஒண்ணா கூட காட்டும். பாப்பாவோட இடது கையையும் சேத்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, பாக்க நல்லா இருந்தாலும். நான் இங்க உக்காந்துட்டு இதுதான்னு அடிச்சு சொல்லல, கையப் பாக்காம சொல்லவும் கூடாது, ஆனா தாத்தா, அப்பா, பேத்தின்னு மூணு தலைமுறை வரிசையா வந்தா சந்தேகப்பட வேண்டிய முதல் எடம் இதுதான்.

அப்படி இருந்தா அடுத்த கொழந்தைக்கு அந்த மாறுன ஸ்விட்ச் போற வாய்ப்பு 50 சதவீதம், ஒவ்வொரு தடவையும் சுண்டுற காசு மாதிரி. போனாலும் எப்படி காட்டும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அப்படி இல்லாம, குடும்பத்துல யாருக்குமே இல்லாம ஒரு கையில மட்டும் தனியா வந்ததுன்னா திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம், கட்டைவிரல் ரெண்டா வர்ற கொழந்தைகள்ல பெரும்பாலும் அப்படித்தான். எதுன்னு பிரிக்க ஒரு மரபணு ஆலோசகர பாருங்க, போகும்போது எக்ஸோம் ரிப்போர்ட்ட கையில எடுத்துட்டு போய் "இதுல இசட்ஆர்எஸ் பகுதி படிச்சிருக்காங்களா"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பெரும்பாலும் இல்லன்னுதான் வரும், அந்த 800 எழுத்து சுமாருக்கு உள்ள பகுதிய மட்டும் தனியா படிக்க முடியும், மறுபடி மொத்த டெஸ்ட்டுக்கும் காசு கட்டணும்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க.

ஆபரேஷன் பத்தி கொஞ்சம். யாராவது நூல் கட்டுனா தானா விழுந்துரும்னு சொல்வாங்க, மாமனார் காலத்துல அப்படி செஞ்சிருக்கலாம், செய்யவே செய்யாதீங்க. கட்டைவிரல் ரெண்டா இருக்கும்போது எலும்பும் மூட்டும் தசைநாரும் ரெண்டுக்கும் பங்கு போட்டு இருக்கும், ஒண்ண எடுக்கும்போது அதுல இருக்கிற நார பிரிச்சு மிச்ச விரலுக்கு தைக்கணும், இல்லன்னா மிச்ச கட்டைவிரல் பலமில்லாம கோணிப் போகும். கை சர்ஜன், இல்ல கொழந்தைங்க கை பாக்கிற பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட இப்பவே ஒருதடவை காட்டி வைங்க, சாதாரணமா ஒரு வயசு வாக்குல பண்ணுவாங்க, எப்பன்னு அவங்க முடிவு பண்ணட்டும்.

ஆலோசகர் முதல்ல ஒரு பேப்பர எடுத்து குடும்ப மரம் போடுவாரு, ஆணுக்கு சதுரம், பெண்ணுக்கு வட்டம், யாருக்கு விரல் கூட இருந்துச்சோ அவங்கள கருப்பா அடிப்பாரு. மாமனார் கூடப் பொறந்தவங்க, அவங்க அப்பா அம்மா, சித்தப்பா பெரியப்பா பசங்க, யாருக்கு ஆறு விரல், யாருக்கு தழும்பு, யாருக்கு கட்டைவிரல் ஒரு மாதிரி இருக்கும்னு கேப்பாரு. உங்களுக்கும் தெரியாது, உங்க வீட்டுக்காரருக்கும் பாதிதான் தெரியும். தெரிஞ்ச ஒரே ஆளு உங்க மாமியார்தான், அவங்களையும் கூட்டிட்டு போங்க, பழைய கல்யாண ஆல்பம் இருந்தா அதையும்.